பக்கத்துப் பக்கத்து ஊர், ஒன்றில் கூட்டம், இன்னொன்றில் ஈ ஓட்டுகிறார்கள், ஏன்?

இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே அழகு, ஒன்றில் மட்டும் சுற்றுலாப் பயணிகள் ஏன் குவிகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால் ஆள் வராத ஊர்க்காரர் போலிருக்கிறது. உங்கள் ஊருக்கு அழகில் குறைச்சல் இருக்காது, ஆனால் அழகு இருந்தால் ஆள் தானாக வரும் என்ற நம்பிக்கைதான் பலரைக் கவிழ்க்கிறது. சுற்றுலா நிறுவனம் ஒன்றில் பயணத்திட்டம் போடும் வேலை பார்த்தவன் நான். இந்தப் பேச்சைக் கேட்டாலே கொஞ்சம் கடுப்பாகும்.

இத்தாலி குழுப் பயணத்தில் வெனிசோடு பதுவாவையும் சேர்க்கச் சொல்லி மேலாளரிடம் மல்லுக்கட்டினேன். ரயிலில் அரை மணி நேரத் தூரம்தான். ஓவியர் ஜோத்தோ 1305 வாக்கில் சுவர் முழுக்க வரைந்து முடித்த ஸ்க்ரோவேஞி சிற்றாலயம் அங்கே இருக்கிறது, அதைப் பார்க்காமல் இத்தாலி போய் என்ன பயன் என்று நான் நீட்டி முழக்க, அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "உள்ளே ஒரு தடவைக்கு எத்தனை பேரை விடுவான்?" 25 பேர். சுவரோவியத்துக்கு ஈரமும் தூசியும் ஆகாது என்பதால், முன்பதிவு செய்து வருகிறவர்களைக் கண்ணாடி அறையில் கால் மணி நேரம் உட்காரவைத்து, காற்றைச் சீராக்கி, அப்புறம்தான் இன்னொரு கால் மணி நேரம் உள்ளே விடுவார்கள். "நம்ம பஸ்ஸில் 45 பேர், மீதி 20 பேரை என்ன செய்யப் போறே?" அத்தோடு பதுவா போச்சு. வெனிசில் அந்தத் தொல்லை இல்லை. இறக்கிவிட்டால் போதும், கால்வாய் ஓரம் நின்று படம் எடுத்தாலே ஊரைப் பார்த்த கணக்கு. விளம்பரத்தில் படத்துக்குக் கீழே பெயர்கூடப் போட வேண்டாம். கூட்டம் தாங்காமல் 2024 முதல் சில நாட்களில் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், அப்படியும் வருகிறார்கள்.

பதுவாவில் புனித அந்தோணியார் பசிலிக்காவுக்குக் கூட்டம் கூட்டமாகப் போகிறார்களே என்று யாராவது கிளம்பி வருவீர்கள். தெரியும். அவர்கள் வேண்டுதலோடு போகிறவர்கள், அவர்களிடம் யாரும் ஊரை விற்க வேண்டியதில்லை. நான் சொல்வது எங்கே போகலாம் என்று முடிவு செய்யாமல் வருகிற பயணியை.

அந்தப் பயணியை இழுப்பது பெரும்பாலும் வழியும் படுக்கையும்தான். நெப்போலியன் 1821இல் இறந்த செயின்ட் ஹெலினா தீவை எடுத்துக்கொள்ளுங்கள். கதைக்குப் பஞ்சமே இல்லாத ஊர், ஆனால் கேப் டவுனிலிருந்து நாள்கணக்கில் கப்பலில் போக வேண்டியிருந்தது. விமான நிலையம் கட்டியும் காற்றுப் பிரச்சினையால் தள்ளிப்போய், 2017இல்தான் வழக்கமான விமானமே வந்தது. மெக்சிகோவின் கடற்கரை ஊரான கன்கூன் கதை நேர் எதிர். கடற்கரை காலகாலமாக அங்கேதான் கிடந்தது, மெக்சிகோ அரசு உட்கார்ந்து திட்டம் போட்டு 1970களில் விமான நிலையமும் சாலையும் விடுதியும் கொண்டுவந்த பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது. பூட்டான் மாதிரி, கூட்டமே வேண்டாம் என்று பெரும்பாலான வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 100 டாலர் கட்டணம் வைக்கிற நாடும் உண்டு, அது தனிக் கணக்கு. எல்லா ஊரையும் இப்படியே விளக்கிவிடலாம் என்று நான் சொல்லவில்லை, விசா, பருவம், பாதுகாப்பு எல்லாமும் இருக்கிறது.

ஒரு தடவை ஆள் வர ஆரம்பித்துவிட்டால் அப்புறம் கூட்டமே கூட்டத்தைக் கூட்டும். ஆள் வருவதால் விமானம் கூடும், விமானம் கூடினால் கட்டணம் இறங்கும், கட்டணம் இறங்கினால் இன்னும் ஆள். இதில் எங்களைப் போன்றவர்களின் உழைப்பும் இருக்கிறது, ஆனால் மதிப்பார் இல்லை. ராத்திரி கண் விழித்துத் திட்டம் போட்டுக் கொடுத்தால், நாலு தடவை மாற்றச் சொல்லிவிட்டு, அதையே அப்படியே இணையத்தில் தாங்களே பதிவு செய்துகொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்! அதிலும் படித்தவர்கள்தான் அதிகம். போய் வந்து எனக்கே படம் அனுப்புவார்கள்.

சரி, உங்கள் ஊருக்கு வருவோம். ஒரே விடுதியில் ஒரு பஸ் கூட்டம் தங்க அறை இருக்கிறதா? இருட்டிய பிறகு திரும்பிப் போக வண்டி உண்டா? பஸ் நிறுத்த இடம், சுத்தமான கழிப்பறை? இவற்றைச் சொல்லுங்கள், மேற்கொண்டு பேசலாம். அருவி எவ்வளவு உயரம் என்பதெல்லாம் அப்புறம்.