‘லா சொலிடூடினே’ என்ற இத்தாலியப் பாடலில் வரும் மார்கோ இறந்துவிட்டானா?

இல்லை, மார்கோ உயிரோடுதான் இருக்கிறான். முதல் வரியே அவன் போய்விட்டான், இனித் திரும்பமாட்டான் என்று சொல்வதால் இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால் பின்னால் வரும் வரிகளில், தன் வேலையின் பொருட்டு அவனை வேறிடத்துக்கு அழைத்துச் சென்ற தந்தை, மகனின் விருப்பத்தைக் கேட்கவே இல்லை என்பது தெளிவாகிறது. அவன் இல்லாத காலை ஏழரை மணி ரயிலை, ஆன்மா இழந்த உலோக இதயமாகக் காண்கிறாள், அவனை நேசிக்கும் பள்ளிச் சிறுமி; பாடல் அவள் குரலில்தான் ஒலிக்கிறது. வகுப்பில் அவன் இருக்கை காலியாகக் கிடக்கிறது. தலைப்பின் பொருள் ‘தனிமை’. பெரியவர்களின் முடிவுக்கு முன் பதின்பருவத்தினர் உணரும் கையறு நிலையே இப்பாடலின் உயிர் என்பது என் கருத்து. காதல் அதற்கு அடுத்ததுதான்.

இதைப் பாடிய லாரா பௌசினி, வட இத்தாலியின் சோலரோலோ என்ற சிற்றூரில் வளர்ந்தவர். 1993-இல், பதினெட்டு வயதில், சான்ரெமோ இசை விழாவின் புதுமுகப் பிரிவில் இப்பாடலால் வென்றார். பிறகு ஸ்பானிய மொழியிலும் பாடி லத்தீன் அமெரிக்காவெங்கும் புகழ்பெற்ற அவருக்கு, 2006-இல் கிராமி விருதும் 2021-இல் கோல்டன் குளோப் விருதும் கிடைத்தன.