ஒரு வெப்சைட்டை நம்பலாமான்னு பசங்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கறது?

ப்ராஜெக்ட்டுக்குத் தேடும்போது பசங்க முதல்ல வர்ற வெப்சைட்ட அப்படியே நம்பி எழுதிடறாங்க, எது நம்பகமானதுன்னு எடைபோட எப்படிப் பழக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் பல வருஷமா எட்டாவது ஒன்பதாவது பசங்களுக்கு இதத்தான் சொல்லிக்கொடுக்கறேன். எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான், அந்த சைட்டையே உத்து உத்துப் பாத்து முடிவு பண்ணச் சொல்லாதீங்க, அதவிட்டு வெளிய வந்து மத்தவங்க அதப்பத்தி என்ன சொல்றாங்கன்னு பாக்கப் பழக்குங்க.

முதல்ல நானும் எல்லாரையும் மாதிரி ஒரு செக்லிஸ்ட்தான் குடுத்துட்டிருந்தேன். எழுதினவர் பேரு இருக்கா, தேதி இருக்கா, எழுத்துப்பிழை இருக்கா, தொடர்பு கொள்ள முகவரி இருக்கா, இப்படி. அப்புறம் ஒரு நாள் மரத்துல வாழற ஆக்டோபஸ் பத்தின சைட்ட பசங்ககிட்ட காட்டினேன். அது 1998ல விளையாட்டா ஆரம்பிச்ச பொய் சைட், அமெரிக்காவோட வடமேற்குக் காடுகள்ல மரத்துக்கு மரம் தாவற ஒரு ஆக்டோபஸ் இருக்கு, அது அழிஞ்சிட்டு வருது, காப்பாத்துங்கன்னு சொல்லும். ஒரு பொண்ணு செக்லிஸ்ட்ட அழகா நிரப்பிக் கொண்டுவந்து குடுத்தா. எழுதினவர் பேரு, டிக். லத்தீன் பேரு, டிக். போட்டோ, டிக். மத்த சைட்டுக்கு லிங்க், அதுவும் டிக். ஆக்டோபஸ் தண்ணிக்கு வெளிய மரத்துல வாழுமாங்கற கேள்வி மட்டும் அந்தப் பேப்பர்ல எங்கயுமே இல்ல, ஏன்னா நான் அதக் கேக்கவே இல்ல. அந்தப் பொண்ணு மேல தப்பே கிடையாது, நான் கேட்டதுக்கெல்லாம் அவ சரியாத்தான் பதில் எழுதியிருந்தா. இதே சைட்ட கனெக்டிகட் யுனிவர்சிட்டி ஆளுங்க ஏழாவது படிக்கற பசங்ககிட்ட காட்டினப்பவும் கிட்டத்தட்ட எல்லாருமே நம்பிட்டாங்க.

பிரச்சனை என்னன்னா, செக்லிஸ்ட்ல இருக்கறதெல்லாம் சைட் வச்சிருக்கறவங்க கைல இருக்கற விஷயம். டிசைன், லோகோ, "எங்களைப் பற்றி" பக்கம் எல்லாத்தையும் அவங்க இஷ்டத்துக்கு வச்சுக்கலாம். எழுத்துப்பிழை இல்லாம எழுதறது இப்ப ஏஐ வந்தப்புறம் ஒரு விஷயமே இல்ல. சைட் முகவரி டாட் ஓஆர்ஜி (.org)-ன்னு முடிஞ்சா சேவை அமைப்பு, நம்பலாம்னு நிறைய டீச்சர்ஸே சொல்றாங்க, தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க, அத யார் வேணா வாங்கலாம். அமெரிக்கால கறுப்பின மக்களோட உரிமைக்குப் போராடின மார்ட்டின் லூதர் கிங் பேர்லயே ஒரு டாட் ஓஆர்ஜி சைட் பல வருஷம் ஓடிச்சு, அத நடத்தினது ஸ்டார்ம்ஃப்ரன்ட்ங்கற வெள்ளை இனவெறி குரூப், ஸ்கூல் பசங்க ப்ராஜெக்ட்டுக்குத் தேடினா கண்ல படணும்னே பண்ணது. பிரவுசர்ல சைட் முகவரிக்குப் பக்கத்துல வர்ற பூட்டு ஐகானும் அப்படித்தான், உங்களுக்கும் அந்த சைட்டுக்கும் நடுவுல யாரும் எட்டிப் பாக்க முடியாதுன்னு மட்டும்தான் அதுக்கு அர்த்தம், அந்தப் பக்கம் இருக்கறவங்க நல்லவங்களான்னு அது சொல்லாது. ஜனங்க தப்பாப் புரிஞ்சுக்கறாங்கன்னுதான் குரோம்ல 2023ல அந்தப் பூட்டையே எடுத்துட்டு வேற ஐகான் வச்சாங்க.

அப்ப என்ன பண்றது? அமெரிக்காவோட ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 10 வரலாற்று அறிஞர்கள், 10 ஃபேக்ட் செக்கர்ஸ் (செய்தி உண்மையான்னு சரிபாக்கறதையே வேலையா பண்றவங்க), 25 காலேஜ் ஸ்டூடன்ட்ஸ் இவங்கள உக்காரவச்சு, எப்படி வெப்சைட்ட சோதிக்கறாங்கன்னு பாத்தாங்க. அதுல குழந்தை மருத்துவர்களோட ரெண்டு அமைப்புங்க சைட்ட காட்டினாங்க, ரெண்டுக்கும் பேரு கேக்க ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணு 1930ல ஆரம்பிச்ச, 60,000-க்கு மேல மெம்பர்ஸ் இருக்கற பெரிய சங்கம், இன்னொண்ணு ஒரே பாலின ஜோடிங்க குழந்தைய தத்தெடுக்கறத அந்தச் சங்கம் ஆதரிச்சதால பிரிஞ்சு போய் 2002ல ஆரம்பிச்ச சின்ன குரூப். ஸ்டூடன்ட்ஸ், ஏன் பிஎச்டி முடிச்ச வரலாற்று அறிஞர்கள்ல பல பேருமே அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழ வரைக்கும் படிச்சு ஏமாந்தாங்க. ஃபேக்ட் செக்கர்ஸ் கொஞ்ச நேரத்துலயே புது டேப் திறந்து அந்த அமைப்போட பேரத் தேடிப் போயிட்டாங்க, கம்மியாப் படிச்சு சீக்கிரமா சரியான முடிவுக்கு வந்தாங்க. இதுக்கு லேட்டரல் ரீடிங்னு பேரு. நம்ம வீட்ல ஒரு ஆளப் பத்தி விசாரிக்கணும்னா அவர்கிட்டயே போயா நீங்க நல்லவரான்னு கேப்போம், அக்கம்பக்கத்துலதான கேப்போம், பசங்ககிட்ட நான் இப்படித்தான் சொல்றேன், டக்குனு புரிஞ்சுக்கறாங்க.

வகுப்புல நான் ஸ்க்ரீன்ல போட்டு, மனசுல ஓடறத வாய்விட்டு சொல்லிக்கிட்டே தேடிக் காட்டுவேன். சைட் பேரக் காப்பி பண்றேன், புது டேப், தேடறேன், வர்ற ரிசல்ட்ட உடனே க்ளிக் பண்ணாம மொத்தமா ஒரு தடவ படிக்கறேன், எது விளம்பரம், எது அவங்க சைட்டே, எது வெளி ஆள் எழுதினதுன்னு பிரிக்கறேன். இந்த க்ளிக் பண்ணாம நிதானமாப் பாக்கறதுதான் பசங்களுக்கு ரொம்பக் கஷ்டம், விரல் தானாப் போகும், அதனால மவுஸ்லேர்ந்து கைய எடுத்துட்டுப் படிங்கன்னே சொல்லிடுவேன். விக்கிபீடியாவத் தடை பண்ணாதீங்க, ஒரு அமைப்பு யாரு, எப்ப ஆரம்பிச்சது, பணம் எங்கேர்ந்து வருதுன்னு ஆரம்பிக்க அது நல்ல இடம், கீழ இருக்கற அடிக்குறிப்பு வழியா மூலத்துக்கே போகலாம்.

இன்னொரு விஷயத்துல ரொம்ப ஜாக்கிரதையா இருங்க. வெறும் பொய் சைட்டாவே காட்டிட்டிருந்தா கொஞ்ச நாள்ல பசங்க "எல்லாமே ஃபேக்தான் மிஸ்"னு ஆரம்பிச்சுடுவாங்க, எனக்கு அது நடந்துச்சு. எதையும் நம்பாத பையன் யோசிக்கறத நிறுத்திட்டான்னுதான் அர்த்தம், எல்லாத்தையும் நம்பறவனவிட அவன மாத்தறது கஷ்டம். அதனால இப்பல்லாம் 4 சைட் குடுத்தா 2 நல்லதாவே குடுப்பேன், ஏன் நம்பறேன்னும் அவங்க காரணம் சொல்லணும். நம்பகம்ங்கறது கேள்விய வச்சுதான்னும் அப்பதான் புரியுது. ஒரு மருந்துக் கம்பெனி சைட்ல அந்த மாத்திரைல என்ன கலந்திருக்குன்னு பாக்கலாம், ஆனா மத்த கம்பெனி மாத்திரையவிட இது நல்லதான்னு அங்க கேக்கக்கூடாது. ஒரே சைட்தான், கேள்வி மாறினா மதிப்பு மாறுது.

இத ஒரு நாள் ஸ்பெஷல் கிளாஸா நடத்தி முடிச்சா ஒண்ணும் நிக்காது. வாரம் 10 நிமிஷம் போதும், ஆனா விடாம பண்ணணும், மார்க்கும் குடுக்கணும். என் வகுப்புல ப்ராஜெக்ட்ல ஒவ்வொரு சைட்டுக்குப் பக்கத்துலயும் வேற எங்க விசாரிச்சேன், என்ன தெரிஞ்சதுன்னு ஒரு வரி எழுதணும், அதுக்குத் தனி மார்க். போன தடவ ஒரு பையன் ஒரு சைட் பேர எழுதி அதக் கோடு போட்டு அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதியிருந்தான்: "இத நடத்தற கம்பெனியே இந்த சத்து மாவ விக்குது மிஸ், அதனால எடுக்கல." முழு மார்க் போட்டேன்.