அரிசி வாளிக்குள் பாஸ்போர்ட்

அன்புள்ள அக்கா,

நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். வயது 32. இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் கம்போடியாவின் அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு வர ஆசை. கூட வரவிருந்த தோழிக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. தனியாகப் போகிறேன் என்றதும் வீடு இழவு வீடு மாதிரி ஆகிவிட்டது. கண்ணிவெடி, எல்லைச் சண்டை என்று மாமா வீடியோவாக அனுப்புகிறார். அம்மா ஒன்றும் பேசவில்லை; பாஸ்போர்ட்டை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்துவிட்டார். 1983 கலவரத்தில் பதுளையில் ஒரு ராத்திரி முழுக்கத் தேயிலைக்குள் பதுங்கிக் கிடந்தவர். இப்போது எனக்கும் இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது. மூன்று தடவை டிக்கெட் போடப் போய் விட்டுவிட்டேன். நான் கோழையா?

அன்புத் தங்கைக்கு,

அரிசி வாளி என்று படித்ததும் சிரித்தேன், அப்புறம் மனசு கனத்தது.

மழை பிடித்தால், மண்சரிவு வருமோ என்று நீங்கள் என்ன செய்வீர்கள்? சுவரில் புது வெடிப்பு உண்டா, மேட்டிலிருந்து வரும் தண்ணீர் கலங்கி வருகிறதா என்று பார்ப்பீர்கள். இருந்தால் உடனே வெளியேறுவீர்கள். இல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவீர்கள். அங்கோரையும் அதே கண்ணால் பாருங்கள்.

மாமா சொல்வது பொய்யில்லை. கம்போடியாவில் இன்னும் கண்ணிவெடி இருக்கிறது, பெரும்பாலும் தாய்லாந்து எல்லையோரமாக. அங்கோர் வாட் இருக்கும் சியெம் ரீப் நகரைச் சுற்றி எல்லோரும் போகும் கோயில்களில் அந்தப் பயம் வேண்டாம். தூரத்துக் கோயில் என்றால் மிதிபட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். 2025 ஜூலையிலும் டிசம்பரிலும் எல்லையில் சண்டை நடந்தது. பிரியா விஹியர் கோயில் அந்த எல்லையிலேயே நிற்கிறது, அதை விட்டுவிடுங்கள். டிக்கெட் போடும் முன்னும் கிளம்பும் வாரத்திலும் நிலவரம் பாருங்கள். மோசமென்றால் தள்ளிப் போடுங்கள், அது கோழைத்தனமில்லை.

மாமா அனுப்பாத ஆபத்துகளும் உண்டு: வெயில், செங்குத்தான படிகள், குரங்கு. கடித்தால் விசர்நாய்க்கடி ஊசி போட்டே ஆக வேண்டும். அங்கோர் கோயில்களுக்கு மூன்று நாள் அனுமதிச் சீட்டு 62 டொலர். பத்து நாளுக்குள் எந்த மூன்று நாளும் போகலாம். அதனால் அவசரப்பட்டு இருட்டில் சுற்ற வேண்டியதில்லை.

அம்மாவின் பயம் கம்போடியாவைப் பற்றியதே இல்லை. அது இன்னும் பதுளைத் தேயிலைக்குள்ளேயே இருக்கிறது. அவரோடு வாதாடாதீர்கள். அவர் பேச விரும்பினால் அந்த ராத்திரியைப் பற்றிக் கேளுங்கள். அங்கே நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி இருட்டும்; நம் இலங்கை நேரம் மாலை ஐந்து மணிக்கு அறையிலிருந்து கோல் எடுப்பேன் என்று சொல்லி, அதைத் தவறாமல் செய்யுங்கள்.

இரண்டு மணிக்கு முழித்தால் போனைத் தொடாதீர்கள். தோன்றும் பயத்தைக் காகிதத்தில் எழுதிவிட்டுப் படுங்கள், வழி காலையில் பார்க்கலாம். இன்னும் இரண்டு மூன்று வாரம் தூக்கம் வராவிட்டால் பக்கத்து ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள்.

பாஸ்போர்ட்டை நீங்களாகத் தோண்டி எடுக்க வேண்டாம், அம்மாவிடமே கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் ஆறு மாதமாவது செல்லுபடியாகுமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விசா கிடைக்காது.