மகள் சாப்பிட மறுத்தால்: கேள்வி பதில்

வளரிளம் பெண்களின் உணவுக் கோளாறுகளுக்கான உளவியல் சிகிச்சை பற்றி வந்த கேள்விகளில் சில.

மகளுக்கு 14 வயது. ஆறு மாதமாகச் சோற்றை ஒதுக்குகிறாள், மாதவிடாயும் நின்றுவிட்டது. கவுன்சிலிங்கில் அவளிடம் தனியாகத்தானே பேசுவீர்கள்? (ஒரு அம்மா, மதுரை)

முதலில் டாக்டர், அப்புறம்தான் நான். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், இ.சி.ஜி., ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் பார்த்தாக வேண்டும். மயங்கி விழுந்தாலோ தண்ணீரும் வேண்டாம் என்றாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இந்த வயதில் நீங்களும் அப்பாவும் சேர்ந்து வரும் குடும்பச் சிகிச்சைதான் என் முதல் தேர்வு. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் எடை தேறிய 80 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. அதில் சின்ன வயதில் அனோரெக்ஸியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டை ஒதுக்கும் நோய்) வந்து மூன்று வருடம் ஆகாதவர்களுக்குத் தனி ஆலோசனையைவிட இதுவே கைகொடுத்தது.

இரண்டாவது முறை வரும்போது சாப்பாடு கட்டிக்கொண்டு வரச் சொல்வேன். பெரும்பாலும் தயிர்சாதம் வரும். பெண் பருக்கை பருக்கையாகப் பிரித்துக்கொண்டிருப்பாள். "ரெண்டு வாயாவது சாப்பிட்டாளே" என்று அம்மா டிபன் பாக்ஸை மூடப் போவார். அங்கேதான் தடுப்பேன். "இன்னும் ஒரு வாய்" என்று சொல்லுங்கள். அதட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். அவள் அழுவாள். அப்பா போனை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்ப்பார், அவரையும் உட்கார வைப்பேன். அவள் போதும் என்று நினைத்ததற்கு மேல் ஒரு வாய் இறங்கினால் அன்றைக்கு அது போதும். எடை தேறத் தேற, என்ன சாப்பிடுவது என்ற முடிவு அவள் கைக்கே திரும்பும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகலாம்.

இது வெறும் பிடிவாதம். ரெண்டு போட்டால் சரியாகாதா? (ஒரு அப்பா)

ஆகாது சார். 1945இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 ஆரோக்கியமான இளைஞர்கள் ஆய்வுக்காக மாதக்கணக்கில் அரைவயிற்றோடு இருந்தார்கள். அவர்களில் பலருக்கும் சாப்பாட்டு நினைப்பே வேலையாகிப் போனது. ஒரு வேளைச் சாப்பாட்டை இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள், எரிந்து விழுந்தார்கள். பட்டினி மூளையையும் பிடிக்கும். அதனால்தான் பேச்சுக்கு முன்னால் சாப்பாடு.

எடை சரியாக இருக்கிறது. ஆனால் சாப்பிட்டதும் வாந்தி எடுக்கிறாள். 17 வயது.

புலிமியாவாக இருக்கலாம்; அதாவது, அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, எடை கூடாமலிருக்க வாந்தி எடுத்து வெளியேற்றும் கோளாறு. எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பொட்டாசியம் குறைந்தால் இதயத்துக்கு ஆபத்து. குடும்பச் சிகிச்சையோடு, சிந்தனை–நடத்தைச் சிகிச்சையும் இதற்கு உண்டு. வேளை தவறாமல் சாப்பிடுவதும், சாப்பிட்டதையும் அப்போதைய மனநிலையையும் நோட்டில் எழுதுவதும்தான் அதன் தொடக்கம். மாத்திரை வேண்டுமா என்பதை மனநல மருத்துவர் சொல்வார்.

தேறி வருகிறாள். அடுத்த வாரம் சொந்தத்தில் கல்யாணம். கூட்டிப் போகலாமா?

போகலாம். ஆனால் அத்தைகளுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். "இப்பதான் பூசினாப்ல அழகா இருக்கே" என்று ஆசையாகத்தான் சொல்வார்கள்; அவள் காதில் அது "குண்டாயிட்ட" என்றுதான் விழும். புடவையைப் பற்றிப் பேசட்டும், படிப்பைப் பற்றிப் பேசட்டும், உடம்பைப் பற்றி மட்டும் வேண்டாம். பந்தியில் நீங்கள் பக்கத்திலேயே உட்காருங்கள்.