பழங்குடியினரின் அறிவை உயிரியல் ஆய்வில் முறையாகச் சேர்ப்பது எப்படி?

கட்டுரையின் கடைசியில் நன்றி சொன்னால் போதாதா என்று கேட்கிறீர்கள். போதாது.

அகத்தியமலையில் வாழும் காணிப் பழங்குடியினரின் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1987இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டியாகப் போன காணிகள், களைப்புத் தெரியாமலிருக்க அதன் பழத்தைத் தின்றார்கள். அதைக் கவனித்துத்தான் ஆய்வே தொடங்கியது. அதிலிருந்து செய்த ‘ஜீவனி’ மருந்துக்கு உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், ராயல்டி (விற்பனையில் பங்கு) 2 சதவீதம் என்று ஒப்பந்தமானது. இரண்டிலும் பாதி காணிகளுக்கு. கணக்கு நியாயம்தான், வரிசைதான் தலைகீழ். காணிகளின் பணத்தை வாங்கிக்கொள்ளும் அறக்கட்டளை, உரிமம் மருந்து நிறுவனத்துக்குக் கைமாறிய பிறகு 1997இல்தான் பதிவானது. ரகசியத்தைச் சொன்னவர்கள் ஒரு சிலர், அறிவோ சமூகத்துக்கே சொந்தம். காணி வைத்தியர்கள் சிலர் எதிர்த்ததில் வியப்பில்லை. போதாக்குறைக்கு, இலை பறிக்க வனத்துறையின் முட்டுக்கட்டை வேறு.

ஆகவே மாதிரி சேகரிக்கும் முன்பே ஊர்க்கூட்டத்தில் அவர்கள் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்குங்கள். பங்கு, இணை ஆசிரியர் பெயர், அச்சிடக்கூடாத தகவல் மூன்றையும் அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். வழிகாட்டும் நாளுக்குக் கூலி தனி. அதைப் பங்கில் கழிக்காதீர்கள்.