நாலுபக்கமும் அடைத்த புது வீட்டுக் குசினிக்கு எந்த விறகடுப்பு சரி?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் புது வீடு கட்டுகிறோம். பிளாட் கூரை, அலுமினிய யன்னல், குசினி வீட்டோடு சேர்ந்தது. 2022 காஸ் தட்டுப்பாட்டைக் கண்ட பிறகு, விறகடுப்பும் ஒன்று வேணும் என்று அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறா. எந்த அடுப்பு எடுக்கலாம்?

பதில்: பிளாட் போட்டு முடிந்துவிட்டதா? இல்லையென்றால் இன்றைக்கே மேசனிடம் சொல்லி, அடுப்பு வரப்போகும் இடத்துக்கு நேர் மேலே 10 அங்குலச் சதுரத்தில் ஒரு வெளி விடச் சொல்லுங்கள். பிறகு கம்பியை வெட்டித் துளைத்தால் செலவோடு மழை ஒழுக்கும் சேர்ந்து வரும்.

பழைய ஓட்டுக் குசினியில் புகை ஓட்டிடுக்கால் போய்விடும், நெருப்புக்கு வேண்டிய காற்று கதவுக்குக் கீழால் வந்துவிடும். உங்கள் வீட்டில் இந்த இரண்டு வழியும் அடைபட்டிருக்கின்றன. ஆகவே மேற்பக்கம் திறந்த அடுப்பை விட, புகைக்குழாய் பொருத்திய மூடிய அடுப்பையே எடுக்கச் சொல்வேன். செங்கல்லால் கட்டி, மேலே இரண்டு வளையம் வைத்த வார்ப்பிரும்புத் தட்டுப் போட்டது போதும். பானை வைக்காத வளையத்துக்கு மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அனகி அடுப்பு, அதாவது கடையில் விற்கும் இரட்டைப் பானை மண்ணடுப்பு, மலிவு, ஒரு நெருப்பில் இரண்டு பானை வேகும், மூன்று கல் அடுப்பை விட விறகும் குறையும். ஆனால் அதற்குப் புகைக்குழாய் கிடையாது. உள்ளே வைப்பதென்றால் மேலே புகையைப் பிடிக்கும் கூடு கட்டவேணும். கூட்டின் முன்வாய் எவ்வளவு பரப்போ, அதில் பத்திலொன்றாவது புகைவழிக்கு வேணும். 30 அங்குல அகலமும் 24 அங்குல உயரமும் உள்ள வாய் 720 சதுர அங்குலம். ஆக 72 சதுர அங்குலப் புகைவழி தேவை. 6 அங்குலக் குழாயில் 28தான் வரும். கூடு கட்டியும் குசினி கறுக்கிறது என்பவர்கள் முதலில் இந்தக் கணக்கைப் பார்க்கட்டும். உட்பக்கம் 9க்கு 9 அங்குலச் செங்கல் புகைவழி என்றால் கணக்குச் சரி. ரொக்கெற் அடுப்புக்கும் இதே கதைதான். நன்றாக எரியும்போது புகை தெரியாது என்பதற்காகக் கூடில்லாமல் உள்ளே வைக்கவேண்டாம்.

மூடிய அடுப்புக்கு 6 அங்குலக் குழாய் போதும். நுனி பிளாட்டுக்கு மேல் குறைந்தது 3 அடி நிற்கவேணும், 10 அடிக்குள் தண்ணீர்த் தாங்கியோ மதிலோ இருந்தால் அதைவிட 2 அடி உயர வேணும். குளிர் நாட்டில் வெளிக்காற்றுக்கும் புகைக்கும் வெப்ப வித்தியாசம் அதிகம், இழுவையும் அதிகம். இங்கே 32 பாகை வெயிலில் அந்த உதவி குறைவு, அதனால் அடுப்பிலிருந்து நுனி வரை 12 அடிக்குக் குறைக்காதீர்கள். குழாயைப் படுக்கையாக ஓட்டவும் வேண்டாம். வளைத்தே ஆகவேணுமென்றால் 45 பாகை வளைவு இரண்டு போடுங்கள். முதல் 3 அடி எவர்சில்வராக இருக்கட்டும். நாகம் பூசிய தகரத்தில் பூச்சு 420 பாகையில் உருகிவிடும், மிச்சத்தைக் கடற்காற்று தின்னும். அஸ்பெஸ்ரஸ் குழாய் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

அக்கினி மூலை, அதாவது தென்கிழக்கு, புகைக்கும் நல்ல இடம். தென்மேற்கிலிருந்து வரும் சோழகம் புகையை வீட்டுக்குக் கிழக்காலும், வடகிழக்கிலிருந்து வரும் வாடை தெற்காலும் கொண்டுபோய்விடும்.

பலர் மறப்பது உள்ளே வரும் காற்றை. அடுப்பு வாய்க்குக் கிட்ட, வெளிச்சுவரில், நிலத்திலிருந்து அரை அடிக்குள் ஒரு துவாரம் விடுங்கள். புகைவழியின் பரப்புக்குக் குறையக்கூடாது. மூடிய அடுப்பின் 6 அங்குலக் குழாய்க்கு 28 வேணும்; 4 அங்குல பீ.வீ.சீ. குழாய் இரண்டு வைத்தால் 25 சதுர அங்குலம்தான் வரும், மூன்று வையுங்கள். எலிக்கு வலை அடித்தால் அதுவும் கொஞ்சம் இடம் பிடிக்கும். குசினியில் எக்ஸோஸ்ற் ஃபான் இருந்தால் அது புகைக்குழாயை மேலிருந்து கீழாக உறிஞ்சும். விறகடுப்பு எரியும்போது அதைப் போடவே கூடாது. சோதிக்க ஓர் ஊதுபத்தி போதும்: கதவு யன்னல் எல்லாம் சாத்தி, குளிர்ந்த அடுப்பின் வாயில் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் சரி. முகத்துக்கு அடித்தால், குழாயின் அடியில் ஒரு பிடி பன்னாடையைக் கொளுத்திச் சூடேற்றிவிட்டு மறுபடி பாருங்கள். பிறகும் திரும்பினால் காற்றுத் துவாரம் போதாமல் இருக்கலாம்.

நெருப்புப் படும் இடத்தில் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லை வைக்காதீர்கள். சூட்டில் வெடிக்கும், வெந்த பகுதி சுண்ணாம்பாகி ஈரம் பட உப்பும். சீமெந்துச் சாந்தும் வெடித்து உதிரும். செங்கல்லை, களிமண் 2 பங்கு, மணல் 1, உமிச் சாம்பல் 1 சேர்த்துப் பிசைந்த மண்ணால் கட்டி, நிழலில் இரண்டு கிழமை காயவிட்டு, முதல் சில நாள் சிறுநெருப்பு மட்டும் மூட்டுங்கள்.

பெரிய அடுப்பு வேண்டாம். விறகு வாய் 5 அங்குலச் சதுரம் இருந்தால் ஐந்தாறு பேருக்குச் சோறு கறி ஆகும். வாய் பெரிதென்றால் நிறைய விறகு தள்ளுவோம், பிறகு சூடு கூடிப்போச்சென்று வாயை அடைப்போம். மூச்சுத் திணறிய விறகு புகைந்து, குழாயில் தாராகப் படியும், அந்தத் தார் ஒருநாள் பற்றும். கூழ்ப்பானைக்கு வளவில் மூன்று கல் இருக்கட்டும். விறகை ஐப்பசி மழைக்கு முதல் பிளந்து அடுக்குங்கள். காய்ந்த விறகென்றால் இரண்டைத் தட்ட 'டங்' என்று கேட்கவேணும். பனைமட்டை சட்டென்று பற்றி முடியும், ஊமலும் சிரட்டையும் தணலாக நின்று எரியும்.

அந்தத் தணல்தான் ஆபத்து. புகை நின்றதும் அடுப்பு வாயையும் யன்னலையும் சாத்துவார்கள், அப்போதுதான் மணமோ நிறமோ இல்லாத காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு கூடுதலாக வரும். தணல் சாம்பலாகும் வரை காற்று வழி திறந்தே இருக்கட்டும்.

காஸ் சிலிண்டரை வெளியே வைப்பதென்றால், அந்தக் காற்றுத் துவாரத்தின் பக்கச் சுவரில் வேண்டாம். காஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் நிலத்தோடு ஊர்ந்து வந்து, அடுப்பு இழுக்கும் காற்றோடு நேரே நெருப்புக்குப் போகும்.