கில்ட் வார்ஸ் அடுத்த பாகம்: பழைய ரசிகர்கள் கேட்பது என்ன? (கேள்வி பதில்)

2006லிருந்து கில்ட் வார்ஸ் என்ற ஆன்லைன் கம்ப்யூட்டர் கேமை ஆடிக்கொண்டிருக்கிறேன். மூன்றாம் பாகம் பற்றிய பேச்சு 2024இல் கிளம்பியதிலிருந்து, "அதில் என்ன இருக்க வேண்டும் அண்ணா?" என்று பார்ப்பவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: நான் இரண்டாம் பாகம் மட்டும்தான் ஆடியிருக்கிறேன். முதல் பாகத்தை ஏன் எல்லோரும் இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள்?

2005 ஏப்ரலில் அது வந்தபோது பெரிய ஆன்லைன் கேம்களில் பலவும் மாதச் சந்தா கேட்டன. இதற்கு ஒருமுறை பணம் கட்டினால் போதும். வீட்டில் எண்ணிக் கொடுக்கிற காசில் காலம் தள்ளும் பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது சொன்னால் புரியாது.

அப்புறம், லெவல் 20தான் உச்சம். அங்கே போய்ச் சேர அதிக நாள் ஆகாது. அதற்குமேல் ஜெயிப்பதும் தோற்பதும் உங்கள் மூளையைப் பொறுத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கில்கள், அதாவது சண்டையில் பயன்படுத்தும் வித்தைகள், இருந்தன. ஊரைவிட்டுக் கிளம்பும்போது அதில் எட்டை மட்டும் எடுத்துப் போகலாம், வழியில் மாற்ற முடியாது.

ஒரு உதாரணம் சொன்னால்தான் விளங்கும். மாங்க் என்பது காயம் ஆற்றிக் காப்பாற்றும் கேரக்டர் வகை. லெவல் 20 மாங்க்குக்கு உயிர் 480. ஒவ்வொன்றும் உயிரில் 75 குறைக்கிற சுப்பீரியர் ரூன் என்ற மந்திரக் குறி ஐந்தை உடையில் பதித்தால் 105க்கு இறங்கும். இன்னும் 50 குறைக்கிற ஒரு பொருளைக் கையில் பிடித்தால் மிச்சம் 55. பார்ப்பவர்கள் பைத்தியம் என்பார்கள். ஆனால் 'புரொடெக்டிவ் ஸ்பிரிட்' என்றொரு ஸ்கில் உண்டு. அது இருக்கும்வரை ஒரு அடியில் மொத்த உயிரில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாது. ஆக, எவ்வளவு பெரிய அரக்கன் அடித்தாலும் போவது ஐந்துதான். அதைவிட வேகமாக உயிரை ஏற்றிக்கொண்டே இருந்தால், ஒரு கூட்டத்துக்கு நடுவில் தனி ஆளாக நிற்கலாம். இந்த '55 மாங்க்' வித்தையை ஆட்டக்காரர்களே கண்டுபிடித்தார்கள். முதல்முறை அது எனக்கு வேலை செய்த ராத்திரி நான் தூங்கவே இல்லை. அடுத்த பாகத்தில் எங்களுக்கு வேண்டியது இந்த இடம்தான்: கேமை உருவாக்கியவர்களே எதிர்பார்க்காத ஒன்றைச் செய்து பார்க்கும் இடம்.

கேள்வி: அப்படியென்றால் இரண்டாம் பாகம் தோல்வியா?

இல்லவே இல்லை. 2012 ஆகஸ்டில் வந்தது, இன்றும் ஆள் நடமாட்டத்தோடு இருக்கிறது. முன்பின் தெரியாத பத்துப் பேர் வழியில் சேர்ந்து ஒரு டிராகனை அடித்துவிட்டு அவரவர் பாட்டுக்குப் பிரிந்து போகிற சந்தோஷம் முதல் பாகத்தில் கிடையாது.

ஆனால் பழைய ஆட்களுக்குக் குறை இருந்தது உண்மை. முதல் ஐந்து ஸ்கில்களைக் கையில் இருக்கிற ஆயுதமே முடிவு செய்துவிடும். மாங்க் என்ற வகையே போய்விட்டது. வந்த வருடம் நவம்பரிலேயே 'அசென்டட்' என்று, இருந்ததைவிட ஒரு படி பலம் கூடிய பொருள்களைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். "மறுபடியும் பொருளுக்காக ஓடவிடப் போகிறீர்களா?" என்று பெரிய சண்டை நடந்தது. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். லெவல் 80க்கு மேல் இன்றுவரை ஏற்றவில்லை. பத்து வருடத்துக்கு முன்பு செய்த அசென்டட் கவசம் இப்போதும் உச்சப் பலம் உள்ளதுதான். நான் ஒரு வருடம் ஆடாமல் இருந்துவிட்டு வந்தாலும் பின்தங்கிப் போயிருக்க மாட்டேன். மூன்றாம் பாகத்தில் இதை மட்டும் தொடவே கூடாது.

கேள்வி: சார், பழைய கேமில் சேர்த்ததைப் புதியதில் கொடுக்க வேண்டும் என்பது நியாயமா? புதிதாக வருபவர்கள் பாவம் இல்லையா?

பலத்தைக் கொடுத்தால் நியாயமில்லை, அடையாளத்தைக் கொடுக்கலாம். இதற்கு ஏற்கெனவே நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். முதல் பாகத்துக்கு 2007இல் வந்த 'ஐ ஆஃப் தி நார்த்' என்ற கூடுதல் தொகுப்பில் 'ஹால் ஆஃப் மானுமென்ட்ஸ்' என்று ஒரு மண்டபம் வைத்தார்கள். சாதனைகளை அங்கே பதித்தால் மொத்தம் 50 புள்ளி வரை சேரும். இரண்டு அக்கவுண்ட்டையும் இணைத்தால் இரண்டாம் பாகத்தில் பரிசு. முதல் 30 புள்ளிக்குள் உடைத் தோற்றங்கள், ஆயுதத் தோற்றங்கள் எல்லாம் வந்துவிடும். அதற்குமேல் பட்டப்பெயர்தான். யாருக்கும் ஒரு அடி கூடுதல் பலம் கிடையாது. ஆனால் பரிசுகளில் ஒன்றான எரிகிற டிராகன் வாளை ஒருவர் முதுகில் பார்த்தால், "ஓ, நம்ம ஆள்" என்று தெரிந்துவிடும். நான் 37 புள்ளியில் நிற்கிறேன்.

கேள்வி: கிராஃபிக்ஸ்?

நன்றாக இருந்தால் சந்தோஷம். சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும். முதல் பாகம் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: புதுப் பாகம் வந்தால் பழைய சர்வரை மூடிவிடுவார்களா? அதுதான் எனக்குப் பயம்.

எனக்கும் அதே பயம்தான். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் வந்தபோது பழைய ஓவர்வாட்ச் அப்படியே மறைந்துபோனது. ஆறு பேர் அணி ஐந்து பேரானது, பழையபடி ஆட நினைத்தவர்களுக்குப் போக இடமில்லை. அடுத்த வருடம் கவுன்டர் ஸ்டிரைக் 2 வந்தபோது, ஆட்டக்காரர்கள் சேர்த்த ஆயுதத் தோற்றங்களை (ஸ்கின்கள்) பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஆனால் கேமே மாறிவிட்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆஷரான்ஸ் கால் 2 என்ற ஆன்லைன் கேம் வெளிவந்தது 2002இல், மூடியது 2005இல். அதன் முதல் பாகமோ 2017 வரை ஓடியது. ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமின் ரசிகர்களைப் பாருங்கள்: 2013இல் வாக்கெடுப்பு வைத்ததும் லட்சக்கணக்கில் திரண்டு, 2007ஆம் வருடத்துப் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். புதியது வந்துவிட்டால் பழையதற்கு ஆள் இருக்காது என்பது வீண் கவலை.

கில்ட் வார்ஸை உருவாக்கிய அரினாநெட் இந்த விஷயத்தில் நன்றாகவே நடந்துகொண்டது. இரண்டாம் பாகம் வந்தபிறகும் முதல் பாகத்தின் சர்வர் அணையவில்லை. 2018இல் அதன் காட்சித் தரத்தைக்கூட மெருகேற்றினார்கள்.

கேள்வி: கதை எவ்வளவு காலம் தள்ளித் தொடங்க வேண்டும்?

இரண்டாம் பாகம் 250 வருடம் தள்ளித் தொடங்கியது. முதல் பாகத்தில் நாங்கள் உயிரைக் கொடுத்துக் காத்த அஸ்கலான் நாடு, இதில் அன்று எதிரிகளாக இருந்த 'சார்' (Charr) என்ற மிருக இனத்தின் கையில். அங்கிருந்த ரின் என்ற மனிதர்களின் நகர இடிபாட்டின் மேலேயே அவர்கள் தலைநகரம். முதல் நாள் அங்கே நடந்தபோது வயிற்றை என்னவோ செய்தது. அதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். அந்த வலி வந்ததே நாங்கள் அங்கே வாழ்ந்ததால்தான். மூன்றாம் பாகம் எத்தனை வருடம் தள்ளிப் போனாலும் சரி, மண் அதே மண்ணாக இருக்கட்டும்.

கேள்வி: இப்போது முதல் பாகத்தை வாங்கினால் தனியாக ஆட முடியுமா அண்ணா?

முடியும் தம்பி. கூட வர ஆள் இல்லையென்றால் ஹீரோக்கள் என்ற துணைக் கேரக்டர்களைச் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் வந்த கதையான 'புராஃபெசீஸ்'இல் தொடங்கு. அஸ்கலான் நகரத்துக்கு வெளியே க்வென் என்ற சின்னப் பெண் நிற்பாள், நீ போகும் இடமெல்லாம் பின்னால் ஓடி வருவாள். வழியில் சிவப்பு ஐரிஸ் பூ கிடைத்தால் அவளுக்குக் கொடு. ஒரு புல்லாங்குழல் வாங்கிக் கொடுத்தால், அவள் வாசிக்கும்போது உன் காயம் ஆறும். இரண்டாம் பாகத்தில் நீ பார்த்த லோகன் தாக்கரே அவள் வம்சத்தில் வந்தவன்தான்.

அங்கிருந்து கிளம்ப அவசரப்படாதே. கதையில் வரும் அகாடமிக்குப் போகச் சம்மதித்துவிட்டால், அந்தக் கேரக்டரால் அழிவுக்கு முந்தைய பச்சை அஸ்கலானுக்குத் திரும்பி வரவே முடியாது. என் முதல் கேரக்டரில் எனக்கு அது தெரியாது. பையில் அவளுக்குக் கொடுக்க வைத்திருந்த பூ மூன்று அப்படியே இருந்தது.